படத்தில் ஓடுகிற பெண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஓடவில்லை. ஓடுகிற கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போனேன். கொட்டாஞ்சேனையில் தொடங்கி, களனிப் பாலம் தாண்டி, றாகமை வரைக்கும் கட்டுப்படுத்தினேன். கூட்டம் உனக்கு முன்னால் போனதா, பின்னால் வந்ததா என்று நோண்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது ஊருக்கே தெரியும். அப்போது நான் எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன். சம்பளமில்லாத உத்தியோகம். ஓர் இரும்புத் தொப்பி, ஒரு விசில், முழங்கால் வரை தொங்கும் காக்கி மழைக்கோட்டு ஒன்று தருவார்கள். எதிரி விமானம் வந்தால் விசில் ஊதி, சனங்களைச் சந்தியிலுள்ள பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டு, கடைசி ஆளாக நான் இறங்க வேண்டும். ஆறு மாதம் ஒத்திகை நடந்தது. ஒத்திகையில் என்னை மிஞ்ச கொட்டாஞ்சேனையில் ஆள் கிடையாது.

அன்றைக்குக் கொச்சிக்கடைக் கோவிலில் விடியற்பூசை முடிந்ததும் என் மனைவி புளோறன்ஸ் காலைச் சாப்பாடு பார்க்க முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஹாஷிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். தொப்பியும் விசிலும் மழைக்கோட்டும் வீட்டில் ஆணியில் தொங்கின. பெருநாளும் அதுவுமாகப் புதுக்கோட்டுக்கு மேலே இரும்புத் தொப்பி கவிழ்த்துக்கொண்டு பூசைக்குப் போகிறவனை என்னவென்று சொல்வார்கள்? நீங்களே சொல்லுங்கள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகப் பக்கம் இடி இடித்தது. அபாயச் சங்கு முதலில் ஊதியதா, குண்டு முதலில் விழுந்ததா என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. எனக்குத் தெரியாது. சங்கு ஊதியிருந்தாலும் அதைக் கேட்க நான் அங்கே இருக்கவில்லை.

ஹாஷிம் நானா அடுப்பில் பால் கொதிக்கக் கொதிக்க அப்படியே விட்டுவிட்டு என்னோடு வந்தார். றாகமை ஸ்டேஷனில் கோச்சி பிடித்தோம். குருநாகலில் அவருடைய மச்சான் வீட்டில் தங்கினோம். நல்ல மனிதர், நேரத்துக்கு நேரம் சோறு போட்டார். புளோறன்ஸின் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்தபோதெல்லாம் கொழும்புக்குப் போகிற கோச்சியில் சனமே இல்லை, வருகிற கோச்சியில்தான் கூரை வரைக்கும் சனம் என்று யாராவது சொன்னார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் கால் வைக்கும் முன்பே, எதிர் வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிற பழனியம்மா ஓடிவந்து என் காலில் விழுந்தாள்.

"ஏஞ்சாமி! நீங்க மட்டும் இல்லைன்னா அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் சாம்பலு! தரதரன்னு இழுத்துக் குழிக்குள்ள போட்டீங்களே, இந்தக் கை நோகுதா சாமி?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒரே புழுதியும் புகையுமாக இருந்ததாம். விசில் சத்தம் கேட்டதாம். மழைக்கோட்டும் இரும்புத் தொப்பியும் போட்ட வார்டன் ஐயா முப்பது பேருக்கு மேலே பிடித்து இழுத்துக் குழிக்குள் இறக்கினாராம். குழிக்குள் இருட்டு. முகம் யாருக்குத் தெரிந்தது? தொப்பிதான் தெரிந்தது. நான் வாசலைப் பார்த்தேன். அங்கே புளோறன்ஸ் நின்றாள். முழங்கையில் சிராய்ப்பு. தொண்டை கட்டியிருந்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். சொல்ல வாய் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் காலில் விழுந்து நன்றி சொல்லுகிற மனிதரை இடைமறிப்பது மரியாதையா? பழனியம்மா முடிக்கட்டும் என்று பார்த்தேன். அவள் முடிக்கவே இல்லை. மறுநாள் இன்னொருவர் வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் பழனியம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு நீற்றுப்பெட்டி நிறைய இடியப்பம் இலவசமாக அனுப்பத் தொடங்கினாள். இடியப்பம் வயிற்றுக்குள் போனபிறகு எந்த முகத்தோடு உண்மையைச் சொல்லுகிறது?

அதைப் பற்றிப் புளோறன்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் என்னை "வார்டன் ஐயா" என்று கூப்பிடத் தொடங்கினாள், அவ்வளவுதான். "வார்டன் ஐயா, தேத்தண்ணி ஆறுது." "வார்டன் ஐயா, குசினிக்குள்ள கரப்பான் நிக்குது, வந்து கட்டுப்படுத்துங்கோ." கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சண்டை வந்து ஓய்ந்திருக்கும். அவள் கத்தவில்லை.

ஓடிப்போன சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் எங்கள் தெருவில் நாயும் பூனையும் தவிர எண்ணி நாற்பது பேர்கூட இல்லை. சில வாரத்தில் வெசாக் பண்டிகை வருவதற்குள் தெருவில் ஒருவர்கூட ஓடியிருக்கவில்லை! சலூனில் போய் உட்கார்ந்தால் ஆளாளுக்கு விமானத்தின் இறக்கையில் இருந்த சிவப்புப் பொட்டை எண்ணிய கதை. நானும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதாயிற்று. நான் சொல்லச் சொல்ல பக்கத்துக் கதிரையில் ஹாஷிம் நானா கத்தரிச் சத்தத்துக்கு நடுவில் இருமுவார். ஆனால் வாய் திறக்கமாட்டார். திறந்தால் அவருடைய பாலும் வெளியே பொங்கிவிடும்.

இப்படி ஒரு வருடம் போன பிறகு படக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர் பட்டாளத்துக் கப்டன் ஒருவர். வெயிலில் வெந்து சிவந்த முகம். அவருக்கு மொழிபெயர்க்க மஷூர் என்று அரசாங்கக் கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் கூடவே வந்தார். மெலிந்த உடம்பு, துருக்கித் தொப்பி, சட்டைப்பையில் மூன்று பேனை. கொழும்பு மக்கள் குண்டுக்கு அஞ்சாமல் நின்றதைப் படமாக்கி லண்டன் வரைக்கும் காட்டப் போகிறார்களாம். ஓடாத வார்டனைத் தேடி அலைந்திருக்கிறார்கள். தெரு முழுக்க என் வீட்டைக் கை காட்டியிருக்கிறது.

"இது கதைப்படம் இல்ல மிஸ்டர் றேமண்ட்," என்றார் மஷூர். "உண்மைப் படம். நடந்ததை நடந்தபடியே எடுக்கிறது."

"நடந்து ஒரு வருசமாச்சே?"

"அதுக்குத்தானே திரும்ப நடத்தப் போறம்."

கப்டன் துரைக்கு நின்று காட்ட நாற்பது தைரியசாலிகளும், பயந்து ஓட ஒரே ஒரு பெண்ணும் வேண்டும். தைரியசாலிகள் இருநூறு பேர் வந்து வரிசையில் முட்டிமோதினார்கள். முன்வரிசைக்கு அடிபிடி நடந்தது. ஓடுவதற்கு மட்டும் ஒரு குருவிகூட வரவில்லை. மஷூர் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "என் குடும்ப மானம் என்னாகிறது?" என்று ஒவ்வொரு வாசலிலும் அவரைத் துரத்தினார்கள். கடைசியில் களைத்துப்போய் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு புளோறன்ஸ் சொன்னாள்: "நான் ஓடுறன்."

எனக்குப் புரையேறியது. "நீயோ?"

"ஓம். ஆராவது ஓடத்தானே வேணும். எப்பிடி ஓடுறதெண்டு வீட்டிலயே கேட்டுப் பழகிக்கொள்ளலாம்." மஷூர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "வார்டன் ஐயா, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுறதோ, இல்ல அப்பிடியே ஓடுறதோ?" என்று கேட்டாள். பாவி, முகத்தில் சிரிப்பின் கீறல்கூட இல்லை.

படம் எடுத்த நாள் சந்தியில் திருவிழாக் கூட்டம். துரை பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றார். ஏற்பாடு இதுதான்: கையால் சுற்றுகிற சங்கு ஊதும். தைரியசாலிகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். நான் தொப்பியோடு சந்தி நடுவில் நின்று விசில் ஊதுவேன். தலையணை மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடிவருவாள். நான் அவள் கையைப் பிடித்துக் குழிக்குக் கூட்டிப்போவேன்.

சங்கு ஊதியது. அடியில் ஒரு முனகலாகத் தொடங்கி, மேலே ஏறி, என் முதுகெலும்புக்குள் புகுந்துகொண்டது. நான் விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்றுத்தான் வந்தது. துரை கத்தினார். மறுபடி சங்கு. இந்த முறை கண்ணை இறுக்க மூடிக்கொண்டேனாம். மஷூர் ஓடிவந்தார்.

"மிஸ்டர் றேமண்ட், பிலிம் லண்டன்ல இருந்து கப்பல்ல வரவேணும். கப்பலைச் சப்மரீன் முழுங்குது. கண்ணைத் திறந்து வெச்சுக்கொண்டு நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மூன்றாம் முறை சங்கு ஊதியபோது தைரியசாலிகளில் பின்வரிசை கலைந்துவிட்டது. எவனோ ஒருவன் "மெய்யாத்தானடா!" என்று கத்தினான். எனக்கு உச்சி வியர்த்தது. என் வலது கால் தானாகக் களனிப் பக்கம் திரும்பிவிட்டது. இடது காலுக்கும் அதே எண்ணம்தான். அப்போதுதான் புளோறன்ஸ் மூட்டையோடு ஓடிவந்தாள். வந்தவள் அலறவில்லை. நேரே என்னிடம் வந்தாள். என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்கோ," என்றாள் மெதுவாக. என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் இறக்கினாள்.

துரை பெட்டியிலிருந்து குதித்துக் கை தட்டினார். "துரை சொல்லுறார், அசல் மாதிரியே இருக்காம்," என்றார் மஷூர்.

மூன்று மாதம் கழித்துப் படம் தயாராகி வந்தது. முதல் காட்சி எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில், பின்னேரம் நாலு மணிக்கு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் கடதாசி ஒட்டினார்கள். படத்தில் பேச்சு முழுவதும் இங்கிலீசு. அதனால் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக்கில் ஒருவர் தமிழில் வாசிக்க வேண்டும். வழக்கமாக வாசிக்கிறவர் மஷூர். இந்தப் படத்துக்கு அசல் வார்டனின் குரலே வேண்டும் என்று துரை பிடிவாதம் பிடித்தாராம். மஷூர் தன் கையாலேயே எழுதிய தமிழை முதல் நாளே என்னிடம் தந்துவிட்டார். நான் அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பத்துத் தரம் வாசித்துப் பழகினேன். குரல் எனக்கு எடுப்பான குரல், அதை யாரும் மறுக்க முடியாது.

அன்று மத்தியானம் புளோறன்ஸ் கரி நிரப்பிய பெட்டியால் என் கோட்டைத் தேய்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். பையில் இருந்த கடதாசி வெளியே வந்துவிட்டது. அதை எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

"'இதோ, அச்சத்தால் அறிவிழந்து ஓடும் ஓர் அபலைப் பெண்! அஞ்சாநெஞ்சன் வார்டன் றேமண்ட் அவளைக் கரம்பற்றிக் காக்கிறார்!'" அழுத்துகிற பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இதை நீங்க வாசிக்கப் போறீங்களோ?"

"மஷூர் எழுதினது."

"எழுதினது மஷூர். வாசிக்கிறது ஆர்?"

"சும்மா படத்துக்குத்தானே..."

"ஒரு வருசமா நான் உங்களை ஒண்டும் கேக்கயில்ல," என்றாள். "சலூன்ல அளந்ததையும் கேக்கயில்ல. இடியப்பத்தையும் கேக்கயில்ல. ஊருக்குச் சொல்லாட்டியும் எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லுவீங்க எண்டு பாத்தனான். இப்ப மைக்கைப் பிடிச்சு, என்னை அறிவில்லாதவள் எண்டு ஊருக்கு வாசிச்சீங்க எண்டா, நான் வத்தளைக்கு அக்கா வீட்ட போயிடுவன். நடந்துதான் போவன். ஓட மாட்டன்."

கோட்டை மடித்து என் கையில் தந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மண்டபத்தில் இடமில்லை. முதல் வரிசையில் துரை, பங்குச் சுவாமி, எனக்கு மேலேயுள்ள பெரிய வார்டன். அவர்களுக்குப் பின்னால் தெரு முழுவதும். பழனியம்மா எனக்கென்று ஒரு மல்லிகைச் சரமே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்! கடதாசியில் உள்ளதை வாசித்தால் மனைவி போய்விடுவாள். வாசிக்காவிட்டால் வார்டன் உத்தியோகம் போய்விடும், பெயர் போய்விடும், இனி அந்தத் தெருவில் தலை காட்ட முடியாது. ஹாஷிம் நானா கிட்ட வந்து என் காதுக்குள் சொன்னார்:

"றேமண்ட், எழுதினதை வாசிச்சிட்டுப் பேசாம எறங்கிருங்க. நம்ம ரெண்டு பேர்ட மானமும் உங்கட வாயிலதான் இரிக்கி."

விளக்கு அணைந்தது. துறைமுகம் வந்தது, பீரங்கி வந்தது, றப்பர் தோட்டம் வந்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். குரல் கணீரென்று வந்தது. சனம் கை தட்டியது. பிறகு எங்கள் சந்தி வந்தது. சனம் தங்கள் தங்கள் முகத்தைத் தேடிக் கூச்சல் போட்டது. தொப்பியோடு நான் வந்தேன். அதற்குப் பிறகு புளோறன்ஸ் வந்தாள்.

சுவர் அகலத்துக்கு அவள் முகம். அவ்வளவு பெரிதாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. பக்கத்திலிருந்து பார்க்கிற முகம்தானே, யார் உற்றுப் பார்க்கிறோம்? கண்ணுக்குக் கீழே கருமை. நெற்றியில் புழுதி. படத்தில் எங்கள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்த மாதிரி இருந்தன. யார் யாரை இழுக்கிறார் என்று படத்தில் தெரியவில்லை. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அங்கே நடந்ததாக இருக்கப் போகிறது.

"இதோ," என்றேன். "அச்சத்தால்..."

இருமினேன். மைக்கில் அது குண்டு விழுந்த மாதிரிக் கேட்டது.

"இது என்ட மனுசி," என்றேன். "பேர் புளோறன்ஸ். உங்களுக்குத் தெரியும். இவ ஓடயில்ல. அண்டைக்கு உங்களையெல்லாம் குழிக்குள்ள இறக்கினது இவதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு கொஞ்சமும் பயமில்லாம நிண்டா. ஓடினது நான். றாகமை வரைக்கும் ஓடினனான். பிறகு குருநாகலுக்குப் போனனான். ஒரு வருசமா உங்களுக்குப் பொய் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருட்டுக்குள்ளிருந்து பழனியம்மாவின் குரல் எழுந்தது.

"அப்ப நான் குடுத்த இடியாப்பம்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நானும்தான் ஓடினேன்!" என்று ஒரு குரல். ஹாஷிம் நானா! "பாலைக் கூட எறக்கி வெக்காம ஓடினேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்!" கதவோரம் நின்ற துறைமுகக் கூலிக்காரர் ஒருவர், "மாத்தயா, மமத் திவ்வா!" என்று சிங்களத்தில் கத்தினார், தானும் ஓடினாராம். அதோடு அணை உடைந்துவிட்டது. "நாங்க நீர்கொழும்புக்கு!" "நாங்க மாட்டு வண்டியில!" "நான் மாமியை விட்டிட்டு ஓடினனான்!" "விட்டிட்டோ, வேணுமெண்டோ?" சிரிப்பில் கறுப்புக் கடதாசிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் பெரிய வார்டன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரை குனிந்து மஷூரிடம் என்னவென்று கேட்டார். மஷூர் கண் இமைக்காமல், சனங்கள் கவர்னர் துரையை வாழ்த்துகிறார்கள் என்று சொன்னார். துரை எழுந்து எல்லாருக்கும் கை அசைத்தார்.

நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். புளோறன்ஸின் கதிரை வெறுமையாக இருந்தது.

மைக்கைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். இந்தத் தடவை ஓடினேன், ஒத்துக்கொள்கிறேன். கோவில் மதிலைத் தாண்டி, சலூனைத் தாண்டி, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் பார்க்காமல் ஓடினேன். சந்தியில் அவள் தனியே நின்றாள். வெயில் இன்னும் இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வத்தளைக்கோ?" என்றேன், மூச்சு வாங்க.

"இல்ல. சனத்துக்கு முன்னால அழ வெக்கமாயிருந்தது."

"நான் அதை வாசிக்கயில்லயே. உள்ளதைச் சொல்லிட்டன்தானே?"

"சொன்னது பிழை."

"எது பிழை?"

"நான் பயமில்லாம நிண்டனான் எண்டு சொன்னீங்க." அவள் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். "எனக்கு அண்டைக்குக் கை கால் எல்லாம் உதறினது. ஓடத்தான் வந்தது. நீங்க கொச்சிக்கடையில இருந்து வருவீங்க, நான் இல்லாட்டி என்னைத் தேடுவீங்க எண்டு இந்தச் சந்திக்கு வந்து நிண்டனான். தலையில ஏதும் விழும் எண்டு தொப்பியைப் போட்டனான். விசிலை ஊதினது சனத்துக்கில்ல. உங்களுக்கு. சத்தம் கேட்டா நான் இங்க நிக்கிறன் எண்டு தெரிஞ்சு வருவீங்க எண்டு ஊதினனான். சனமெல்லாம் வந்திட்டுது. நீங்க வரயில்ல. வந்த சனத்தை என்ன செய்யிறது? குழிக்குள்ள இறக்கினனான்."

மண்டபத்தில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"எவ்வளவு நேரம் எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டனீ?"

"நாலு நாள்," என்றாள் புளோறன்ஸ்.